விலகி நிற்கும் ஆசிரியர் மறுபடியும் நெருங்க முடியுமா?

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு எடுக்கும் ஆசிரியர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருட சர்வீஸ். மூன்று வருடங்களுக்கு முன்னால் அவர் வகுப்பாசிரியராக இருந்த பத்தாம் வகுப்பில் ஒரு பையன், காலாண்டு விடுமுறையில் கல்குவாரிக் குட்டையில் குளிக்கப் போய் மூழ்கி இறந்துவிட்டான். கணக்கு வராத பையன். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தும் இவர் வண்டியைக் கிளப்பும்வரை பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பவன். அதற்குப் பிறகு இவர் பாடம் நடத்துகிறார், ரிசல்ட் காட்டுகிறார், ஆனால் எந்தப் பிள்ளையின் பெயரும் மனதில் தங்குவதில்லை. ஒரு பிள்ளை எதிரே நின்று அழுதால்கூட, எப்போது முடிப்பான் என்றுதான் தோன்றுகிறது. வீட்டில் மனைவி, "நீங்க இருந்தும் இல்லாத மாதிரி இருக்கீங்க" என்கிறார். கூட வேலை பார்க்கும் ஒருவர், "பசங்களோட மனசு விட்டுப் பழகுங்க சார், தானா சரியாயிடும்" என்றாராம். அது உண்மைதானா என்பது கேள்வி.

பாதி உண்மை சார். மனிதர்களோடு மறுபடி ஒட்டுவதால்தான் இது சரியாகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை வகுப்பறையில் ஆரம்பிக்கக் கூடாது. முதலில் பெரியவர்கள், அப்புறம் பிள்ளைகள். இந்த வரிசை மாறினால், உங்கள் துக்கத்தைத் தாங்கும் வேலை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் விழும். ஆசிரியர் பயிற்சியிலும் பள்ளி ஆலோசனையிலும் வெகுகாலம் இருந்திருக்கிறேன். நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்துக் கோணலாகப் போன ஆசிரியர், மாணவர் நெருக்கங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றுக்கு இந்த வரிசைப் பிசகுதான் காரணம்.

உங்களுக்கு வந்திருப்பதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன: வேலைச் சோர்வு, துக்கம். இரண்டுக்கும் வெளியில் தெரியும் முகம் ஒன்றுதான், அதனால் குழப்பம்.

வேலைச் சோர்வை முதலில் முடித்துவிடலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981-ல் இதை அளக்க ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். மனிதர்களோடு மல்லுக்கட்டும் வேலைகளுக்கென்று உருவானது அது: நர்ஸ், சமூகப் பணியாளர், ஆசிரியர். அதில் மூன்று பகுதிகள். மனம் வற்றிப்போவது. எதிரில் நிற்பவரை ஆளாகப் பார்க்காமல் ஒரு கேஸாகவோ நம்பராகவோ பார்ப்பது. என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். நீங்கள் சொல்லும் விலகல் இந்த இரண்டாவது வகை. வற்றிப்போன மனம் செலவைக் குறைக்கப் பார்க்கிறது. ஆளுக்கு ஆள் அக்கறைப்படுவதுதான் பெரிய செலவு, அதனால் முதலில் அதை வெட்டுகிறது. ஸ்டாஃப் ரூமில் "தேர்டு பெஞ்ச் கேங்", "அந்த ஸ்லோ லேர்னர்", "சிங்கிள் டிஜிட் பார்ட்டி" என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதைச் சொல்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் கிடையாது. பெயர் தெரிந்தால் கவலைப்பட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இந்தச் சோர்வைச் சேர்த்திருக்கிறார்கள். அதைச் சேர்த்த விதம் முக்கியம்: இது ஒரு நோய் என்று எழுதவில்லை, வேலையிடத்தில் சமாளிக்கப்படாத நீண்டகால நெருக்கடியால் வருவது என்று எழுதினார்கள். அதாவது குற்றவாளிக் கூண்டில் ஆசிரியரின் குணத்தை நிறுத்துவதற்கு முன்னால் பள்ளியின் நடைமுறையை நிறுத்த வேண்டும். நம் பள்ளிகளில் அது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் எமிஸ் என்ற மாணவர் விவர இணையதளத்தில் பதிவு, மதியம் ஒரு படிவம், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை சி.ஆர்.சி. எனும் குறுவள மையக் கூட்டம், இடையில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் ஆசிரியரின் நாளைத் தின்பதில் பாதி, கல்வி சார்ந்தது என்ற பெயரிலேயே வரும் கணக்கெடுப்புகள். அதற்கு எந்தப் பிரிவும் இல்லை. நூறு சதவீதத் தேர்ச்சி கேட்டுக் கூட்டம் போடும் அதிகாரி, வருடத்துக்கு ஒருமுறை மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி என்று ஒன்றை நடத்தி, மூச்சை இழுத்து விடச் சொல்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மூச்சுப் பயிற்சி கெட்டதல்ல. ஆனால் அது அந்தக் கேள்விக்கான பதில் அல்ல.

சரி, சோர்வு மட்டும் என்றால் இந்தப் பதில் இத்தோடு முடிந்துவிடும்: வேலையைக் குறையுங்கள், கோடை விடுமுறையை விடுமுறையாகக் கழியுங்கள் என்று சொல்லிவிடலாம். உங்கள் விஷயத்தில் விலகல் ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. அதனால் துக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

அமெரிக்காவின் கென்னத் டோக்கா என்ற முதியோரியல் பேராசிரியர் 1989-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். சில இழப்புகளுக்குத் துக்கப்பட ஊர் உரிமை தருவதில்லை. அந்தத் துக்கம் வழக்கமான துக்கத்தைவிட நீளமாகவும் கோணலாகவும் போகும் என்றார். விவாகரத்தான பிறகு இறந்துபோன முன்னாள் கணவன், வெளியே சொல்ல முடியாத காதலின் துணை, கருவிலேயே கலைந்த குழந்தை இதெல்லாம் இந்தக் கணக்கில் வரும். மாணவனை இழந்த ஆசிரியரும் இதில்தான் வருகிறார். நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் யார் யாருக்கு என்ன முறை என்பது தெளிவாக இருக்கிறது. பங்காளிக்குத் தீட்டு, மாமன் வீட்டுக்குக் கோடி, பதினாறாம் நாள் காரியம், எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் துக்கம் விசாரிப்பார்கள். கணக்கு வாத்தியாருக்கு என்ன முறை? ஒன்றும் கிடையாது. மாலை வாங்கிக்கொண்டு எச்.எம். தலைமையில் போய்விட்டு வருவார். உங்களிடம் ஒருவராவது "சார், எப்படி இருக்கீங்க?" என்று விசாரித்திருப்பார்களா? பையனின் சித்தப்பாவிடம் விசாரித்திருப்பார்கள். அவர் அவனைத் தீபாவளிக்குத் தீபாவளி பார்த்தவராகக்கூட இருக்கலாம். நீங்கள் தினமும் பார்த்தீர்கள்.

பள்ளியில் என்ன நடந்திருக்கும் என்பதும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. பள்ளி திறந்த அன்று இறைவணக்கக் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம். அப்புறம் முதல் பீரியட். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டது நீங்கள்தான். எமிஸிலிருந்து பெயரை நீக்கி, காரணம் என்ற இடத்தில் ஒன்றைத் தேர்வு செய்யும் வேலையும் வகுப்பாசிரியர் தலையில்தான் விழுந்திருக்கும். பத்தாம் வகுப்பு என்பதால் பொதுத்தேர்வு எழுதுவோரின் நாமினல் ரோலில் அந்த ஒரு பெயர் இல்லாமல் பட்டியல் சரிபார்த்திருப்பீர்கள். மார்ச்சில் பரீட்சை, மேயில் ரிசல்ட், ஜூனில் புதிய பத்தாம் வகுப்பு. அழுவதற்கு எந்தப் பீரியடும் ஒதுக்கப்படவில்லை. இந்த வேலைகள் அத்தனையையும் கை நடுங்காமல் செய்து முடிக்க ஒரு மரத்துப்போன மனம்தான் தேவைப்பட்டது. அது அப்போது உங்களைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். வேலை முடிந்த பின்னும் அது போகவில்லை என்பதுதான் இன்றைய சிக்கல்.

இன்னொன்று. நீங்கள் இதை எழுதவில்லை, ஆனால் இந்த நிலையில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஏறக்குறைய எப்போதும் இது இருக்கும், அதனால் கேட்டுவிடுகிறேன். அந்த விடுமுறையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருந்தால் அவன் குவாரிக்குப் போயிருக்க மாட்டான் என்று உங்களுக்குள் ஒரு குரல் சொல்கிறதா? வைத்திருந்தால் விடுமுறையில் பிள்ளைகளை வதைக்கிறார் என்று சொல்லியிருப்பார்கள், அது வேறு கதை. கைவிடப்பட்ட கல்குவாரிகளின் ஓரம் சரிவாக இறங்காது. கால் வைத்த அடுத்த அடியில் ஆழம். மழைக்காலத்தில் நீர் நிரம்பினால் மேலே பார்க்க ஊர்க் குளம் மாதிரியே தெரியும். வேலி போட வேண்டியது குத்தகைக்காரரின் பொறுப்பு, அதைப் பார்க்க வேண்டியது அரசின் பொறுப்பு. உங்கள் பொறுப்பு அல்ஜீப்ரா. இதை நான் சொல்வதால் அந்தக் குரல் நின்றுவிடாது என்பது தெரியும். ஒரு மனிதரின் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னால் கொஞ்சம் குறையும்.

அதனால்தான் பெரியவர்கள் முதலில் என்றேன்.

செய்ய வேண்டியதில் மிகக் கடினமானதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்: அந்தப் பையன் வீட்டுக்குப் போங்கள். மூன்று வருடமாக அந்தத் தெருப் பக்கம் வண்டியைத் திருப்பாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போய் என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு, ஊர் அவனை மறந்துகொண்டே வருகிறது என்ற வேதனை இருக்கும். அவன் பெயரைச் சொன்னால் அம்மா அழுவாரே என்று எல்லாரும் பெயரையே தவிர்ப்பார்கள், அதுதான் அவருக்கு இன்னும் வலிக்கும். உங்களிடம் அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: வண்டி பக்கத்தில் நின்று அவன் என்ன பேசிக்கொண்டிருந்தான் என்பது. அதைச் சொல்லுங்கள். நினைவு நாள் அன்று போகலாம், சாதாரண ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போகலாம். போகும் முன் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் மதியுங்கள், ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, பள்ளிக்குள் ஒரு ஆள். 1950-களில் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் என்ற ஹங்கேரியில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர், குடும்ப மருத்துவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்தார். ஒவ்வொரு முறையும் ஒரு மருத்துவர், தன்னை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிக் குறிப்பு எதுவும் பார்க்காமல் பேசுவார். மற்றவர்கள் என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்பதில்லை. அந்த நோயாளி உனக்குள் என்ன கிளப்புகிறார் என்று கேட்பார்கள். இந்த முறை பிற்பாடு ஆசிரியர்களிடமும் போயிருக்கிறது. நம் பள்ளியில் இதற்கு ஆணையோ நிதியோ வேண்டாம், இரண்டு மூன்று பேர் போதும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பள்ளி விட்டபின் அரை மணி நேரம். ஒருவர் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் உடனே தீர்வு சொல்லக் கூடாது, "இதெல்லாம் ஒரு விஷயமா சார்" என்றும் சொல்லக் கூடாது, எச்.எம்.மைப் பற்றிப் புலம்பும் கூட்டமாகவும் ஆக்கக் கூடாது. கடைசி விதிதான் ரொம்பக் கஷ்டம். புலம்பல் அப்போதைக்கு இதமாக இருக்கும், ஆனால் எழுந்து போகும்போது இன்னும் களைப்பாகத்தான் போவோம். பேசியது அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

உங்களிடம் "பழகுங்க சார்" என்று சொன்ன நண்பர் இதற்குப் பொருத்தமானவராக இருக்கலாம். அவர் சொன்ன யோசனை அரைகுறை என்றாலும், உங்களிடம் ஏதோ மாறியிருக்கிறது என்று கவனித்த ஆள் அவர்தான்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனைவியிடம் அந்தப் பையனைப் பற்றி முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா? "ஸ்கூல்ல ஒரு பையன் தவறிட்டான்" என்பது செய்தி. அவன் பெயர், அவன் சிரிப்பு, சாவு வீட்டிலிருந்து வந்த அன்று நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்பதெல்லாம் வேறு. மனைவி உங்கள் விலகலைத் தன் மேல் வந்த வெறுப்பு என்று எண்ணியிருக்க வாய்ப்பு உண்டு. காரணம் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

இனி பிள்ளைகள். ஆசிரியரின் நெருக்கம் பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இருவர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சிக்கல்களோடு வளர்ந்த பிள்ளைகள். அந்த மூன்றில் ஒரு பங்கிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, பெற்றோருக்கு வெளியே தங்கள் மேல் அக்கறை வைத்த ஒரு பெரியவர். பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், பல சமயம் ஒரு ஆசிரியர். கணக்கு வராத உங்கள் பையன் வண்டி பக்கத்தில் நின்றதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அவன் கணக்குக்காக நிற்கவில்லை.

ஆசிரியருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. நெதர்லாந்தைச் சேர்ந்த யான்டினே ஸ்பில்ட்டும் அவருடைய சகாக்களும் 2011-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மாணவரோடான உறவு ஆசிரியருக்கும் ஒரு அடிப்படைத் தேவை, அது முறியும்போது அவர் மனநலமும் சரிகிறது என்று வாதிட்டார்கள். என் அனுபவமும் அதுதான். நிறைய வேலை பார்த்துக் களைத்தவர்கள் ஒரு விடுமுறையில் தேறிவிடுகிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளையோடும் ஒட்டாமல் போனவர்கள் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அதற்காக நாளைக்கே அன்பு பொங்கும் ஆசிரியராக மாற முயற்சி செய்ய வேண்டாம். இல்லாத உணர்ச்சியை முகத்தில் காட்டுவது எவ்வளவு ஆளை உறிஞ்சும் என்பதை ஆர்லி ஹோக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983-லேயே விமானப் பணிப்பெண்களை வைத்து விளக்கிவிட்டார். மாதா பிதா குரு தெய்வம் என்று சொல்லிச் சொல்லி, குருவுக்குக் களைப்பே வராது என்று நாமும் நம்பிவிட்டோம். களைத்த குரு நடிக்க ஆரம்பிக்கிறார். பிள்ளைகள் அதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உணர்ச்சி அப்புறம் வரட்டும், முதலில் செய்கை. ஒகோனோஃபுவா என்ற உளவியலாளரும் சகாக்களும் 2016-ல் கலிஃபோர்னியாவின் 5 நடுநிலைப் பள்ளிகளில் 31 கணக்கு ஆசிரியர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கணினி வழியாக இரண்டு அமர்வுகள், முதலாவது 45 நிமிடம், இரண்டாவது 25 நிமிடம். அடங்காத பிள்ளையின் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சில கட்டுரைகளையும் மாணவர்கள் சொன்னவற்றையும் படித்துவிட்டு, தன் வகுப்பில் தான் என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும், அவ்வளவே. அந்த வருடம் அவர்களுடைய மாணவர்களில் சஸ்பெண்ட் ஆனவர்கள் 4.8 சதவீதம், மற்ற ஆசிரியர்களின் மாணவர்களில் 9.6 சதவீதம். இந்தச் சோதனை ஆசிரியரின் மனது ஆறியதா என்று பார்க்கவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் யாரையும் பாசக்காரராக மாற்ற முயலவில்லை என்பதுதான்.

நீங்கள் செய்யக்கூடிய முதல் செய்கை பெயர். பதிவேட்டைப் பார்க்காமல் வகுப்பு முழுவதையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வாருங்கள். நாளுக்கு ஐந்து பெயர் என்று வைத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும். பெயர் மனதில் ஏறும்போது பயமும் கூடவே வரும். இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். அது வந்தால் மரத்துப்போனது இளக ஆரம்பித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒரு பிள்ளையோடு சில நிமிடம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பியான்டா சின்னப் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கென்று ஒரு முறையை உருவாக்கினார். வாரத்தில் சில தடவை, கொஞ்ச நேரம், பிள்ளை விரும்பியதைச் செய்யும். ஆசிரியர் கூட இருப்பார். கற்றுக்கொடுக்க மாட்டார், திருத்த மாட்டார், பாராட்டக்கூட மாட்டார், கவனிப்பார். முக்கிய விதி, பிள்ளை அன்று சேட்டை செய்தது என்பதற்காக அந்த நேரத்தைப் பிடுங்கக் கூடாது. நாற்பது பேர் உள்ள பத்தாம் வகுப்பில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் மதிய உணவு வரிசையில் நிற்கும்போது, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகும்போது இரண்டு நிமிடம் கிடைக்கும். கணக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "உங்க ஊர்த் திருவிழா எப்போ?" போதும். திரும்ப அடுத்த வாரம் அதே பிள்ளையிடம் போய், "கெடா வெட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பதுதான் பெரிய விஷயம். நினைவு வைத்திருந்தார் என்பதைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

முதல் பிள்ளையாக யாரைத் தேர்வு செய்வது என்பதில் கவனம் வேண்டும். அந்தப் பையனை ஞாபகப்படுத்தும் ஒரு பையன் இப்போதைய வகுப்பில் இருக்கலாம். அதே சிரிப்பு, அதே மாதிரி கணக்கு வராது. அவனை விட்டுவிடுங்கள். அவனிடம் போனால் நீங்கள் அவனைப் பார்க்க மாட்டீர்கள், இறந்தவனைத்தான் பார்ப்பீர்கள். விடுமுறைக்கு அவன் எங்கே போகிறான் என்று தினமும் போன் போட ஆரம்பிப்பீர்கள். அவனுக்கு முதலில் பெருமையாக இருக்கும், அப்புறம் மூச்சு முட்டும். உங்களோடு எந்த ஒற்றுமையும் இல்லாத, இதுவரை கண்ணில் படாத ஒரு பெண்ணோ பையனோ நல்லது. வகுப்பில் நடுவாந்திரமாக, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வருடம் முழுவதும் யாராலும் கூப்பிடப்படாமலே போய்விடுகிறார்கள்.

எல்லை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பேச்சு எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். இரவில் வாட்ஸ்அப் வேண்டாம். உங்கள் துக்கத்தை வகுப்பில் ஒருமுறை சொல்வது தவறில்லை: "உங்க அண்ணன் செட்ல ஒருத்தன் இருந்தான், அவன் போனதிலேருந்து நான் கொஞ்சம் ஒதுங்கியே இருந்துட்டேன்" என்கிற அளவுக்கு. பிள்ளைகள் உங்களைத் தேற்ற வேண்டிய அளவுக்குப் போகக் கூடாது. அவர்கள் தேற்ற முயன்றால் நன்றி சொல்லிவிட்டுப் பாடத்தை எடுங்கள். தன் மன ஆறுதலுக்காக ஒரு பிள்ளை தேவைப்படும் ஆசிரியர், அந்தப் பிள்ளை அடுத்த வருடம் வேறு வகுப்புக்குப் போய் வணக்கம் சொல்ல மறந்தால் உடைந்துபோவார். அதைப் பார்த்திருக்கிறேன்.

நெருங்கினால் பிள்ளைகள் பேசுவார்கள், பேசினால் சிலது கனமாக வரும். வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள் என்று ஒரு பெண் சொல்வாள், உறவுக்காரர் ஒருவர் தப்பாகத் தொடுகிறார் என்று இன்னொரு பிள்ளை சொல்லும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். போக்சோ சட்டம் 2012-ன் கீழ், பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். "உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. குழந்தைத் திருமணம் உட்பட எதுவானாலும் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. கேட்டதை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு திரிந்தால் ஆறு மாதத்தில் மறுபடி மரத்துப்போவீர்கள். அந்த மூன்று பேர் குழு இதற்கும்தான்.

சில பிள்ளைகள் உங்களை உதறுவார்கள். பெரியவர்கள் கைவிட்டே பழகிய பிள்ளை, நெருங்கி வருபவரைச் சோதித்துப் பார்க்கும். வேண்டுமென்றே ஹோம்வொர்க் செய்யாமல் வரும், முறைக்கும், உங்கள் முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் சொல்லும். உங்களுக்கும் ஒரு சாக்குக் கிடைக்கும்: பார்த்தாயா, இதற்குத்தான் ஒதுங்கி இருந்தேன் என்று. அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் போதும். அடிக்கவோ அவமானப்படுத்தவோ சட்டமும் இடம் தராது, அது வேறு விஷயம். அடித்த கையால் அந்தப் பிள்ளையிடம் திரும்பிப் போக முடியாது என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

மாறுதல் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விடலாமா என்று தோன்றியிருக்கும். அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கலந்தாய்வில் பெயர் கொடுக்காதீர்கள். போய்வந்த பிறகும் இடம் மாறத் தோன்றினால் தாராளமாகப் போகலாம்.

கடைசியாக, எது என் பதிலுக்கு அப்பாற்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கம் கெட்டு வாரக்கணக்காகிறது, சாப்பாடு ருசிக்கவில்லை, மாலையில் குடிக்காமல் முடியவில்லை, அந்தக் குட்டையும் பையனும் கனவில் திரும்பத் திரும்ப வருகிறார்கள், வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது: இதில் ஏதாவது இருந்தால் நண்பர் குழுவும் பெயர் மனப்பாடமும் போதாது. மருத்துவர் தேவை. 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும்; புற நோயாளிச் சீட்டு போட்டுக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான். தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று தோன்றினால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், தவறில்லை. சேர்ந்து கிடக்கும் மருத்துவ விடுப்பை இதற்கு எடுக்கலாம். முட்டி வலிக்கு எடுத்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, இதற்கும் அதே விடுப்புதான்.